ஒற்றை அறை வீட்டில் நாய்க்குப் பிரசவம்: கையில் கடிகாரம் இருக்கட்டும்!

நாய் குட்டி போடுவதற்கு மனிதன் துணை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஊரில் வைக்கோல் போரின் அடியிலும், பம்பு செட்டு ஓரத்திலும் நாய்கள் தாமாகவே குட்டி போடுகின்றன. காலையில் போய்ப் பார்த்தால் நாலைந்து குட்டிகள் முட்டிமோதிப் பால் குடித்துக் கொண்டிருக்கும்.

அது உண்மைதான். ஆனால் மும்பையில் தாராவி, ஆண்டாப் ஹில், செம்பூர், டோம்பிவிலி என்று நம்மவர்கள் வசிக்கும் இடங்களில் வீட்டுக்குள் வளர்க்கப்படுவது பெரும்பாலும் அந்த நாட்டு நாய் அல்ல. பஞ்சுப் பொதி போன்ற வெள்ளை நாய். 'பொமரேனியன்' என்று சொல்லி வாங்குகிறோம். நம் நாட்டில் அந்தப் பெயரில் வளர்க்கப்படுவதில் பெரும்பகுதி இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற இனம். ஐந்து முதல் ஏழு கிலோ எடைதான் இருக்கும். உடம்பு சிறிது, இடுப்பும் சிறிது. வயிற்றில் குட்டி சற்றுப் பெரிதாக வளர்ந்துவிட்டால் வெளியே வர வழி போதாது.

அப்படி ஒரு நாய் சினையாக இருந்தால் என்ன செய்ய வேண்டும்? பத்துக்குப் பன்னிரண்டு அறையில், நாலு பேர் படுக்கும் இடத்தில், அதன் பிரசவத்தை எப்படிப் பார்ப்பது?

பெரும்பாலான பிரசவங்களில் வேலை முழுவதையும் தாய் நாயே செய்துவிடும். நம்முடைய வேலை நேரம் பார்ப்பது. எத்தனை மணிக்கு வலி வந்தது, எத்தனை மணிக்கு முதல் குட்டி வந்தது, அடுத்தது எப்போது என்று எழுதி வைக்க ஒரு நோட்டும், ஒரு கடிகாரமும் போதும். ரயில்வேயில் வேலை பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். டாக்டரிடம் போனால் அவர் முதலில் கேட்பதும் இந்த நேரக் கணக்கைத்தான்.

63 நாள் கணக்கு

நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். இணை சேர்ந்த தேதியிலிருந்து எண்ணினால் 58 முதல் 68 நாள் வரை முன்பின் ஆகலாம். ஆகவே இணை சேர்த்த தேதியைக் காலண்டரில் குறித்துக் கொள்ளுங்கள். இரண்டு முறை சேர்த்திருந்தால் இரண்டு தேதியையும் எழுதுங்கள். 70 நாள் ஆகியும் வலி வரவில்லை என்றால் அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது.

55 நாள் கழித்து ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் குட்டிகளின் மண்டை ஓடும் முதுகெலும்பும் தெரியும். எத்தனை குட்டி என்று எண்ணிவிடலாம். இந்தச் செலவு வீண் செலவு அல்ல. மூன்று குட்டி என்று தெரிந்திருந்தால், இரண்டு வந்து நின்றுபோனதும் இன்னும் ஒன்று உள்ளே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். தெரியாவிட்டால் பிரசவம் முடிந்தது என்று நினைத்துப் படுத்துவிடுவோம். ஒரே ஒரு குட்டி என்று எக்ஸ்ரே காட்டினால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஒற்றைக் குட்டி பெரிதாக வளர்ந்துவிடும். சில சமயம் வலியே வராமல் நாள் தள்ளிப் போகும்.

தொலைபேசி விளம்பரத்தால் பெயர் பெற்ற 'பக்' நாயை வளர்ப்பவர்கள் கவனிக்கவும். தலை பெரிது, மூக்கு தட்டை. இந்த ஜாதியில் ஆபரேஷன் செய்து குட்டி எடுப்பது சாதாரணம். பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் பேசி முடிவு செய்வதே நல்லது.

பெட்டியும் பழைய பேப்பரும்

குட்டி போடுவதற்குப் பத்து நாள் முன்பே இடத்தைத் தயார் செய்துவிட வேண்டும். பெரிய அட்டைப் பெட்டி ஒன்று போதும். தாய் நாய் காலை நீட்டிப் படுத்துத் திரும்பும் அளவுக்கு இருக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் தாழ்வாக வெட்டிவிடுங்கள். தாய் வந்து போகலாம், குட்டி வெளியே உருளாது. கட்டிலுக்கு அடியில், காற்று நேராக அடிக்காத மூலையில் வைக்கலாம். அடியில் விரிக்க இந்தப் பத்திரிகையின் பழைய தாள்களே போதும். நனைந்தால் எடுத்துப் போட்டுவிட்டுப் புதிது விரிக்கலாம். ஆனால் பிரசவம் முடிந்த பிறகு பேப்பர் மட்டும் போதாது. குட்டிகளின் கால் வழுக்கும். மேலே பழைய பருத்திப் புடவையை மடித்து விரியுங்கள்.

மும்பை மழையை மறந்துவிடக் கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. பிரசவத்துக்குக் குறைந்தது பத்து உலர்ந்த துண்டுகள் வேண்டும். அவற்றை முன்னதாகவே துவைத்து, காய வைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துக் கொள்ளுங்கள்.

எறும்புக்காகச் சாக்பீஸ் கோடு போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது பூச்சி மருந்து. குட்டிப் பெட்டியின் பக்கத்தில் அதைப் போடக் கூடாது. நனைந்த தாளை உடனுக்குடன் அகற்றித் தரையைத் துடைத்தாலே எறும்பு வராது. எலியும் பெருச்சாளியும் வரும் சால் வீடுகளில் இரவு கதவிடுக்கை அடைத்துவிட்டுப் படுப்பது அவசியம்.

மற்றபடி நகம் வெட்டிய கை, சோப்பு, கொதிக்க வைத்த கத்தரிக்கோல், கொஞ்சம் தையல் நூல், டிஞ்சர் அயோடின், சமையலறைத் தராசு, ஒரு தெர்மாமீட்டர். அவ்வளவுதான்.

தெர்மாமீட்டர் எதற்கு என்றால், நாயின் உடல் சூடு இயல்பாக 101, 102 டிகிரி பாரன்ஹீட் இருக்கும். பிரசவத்துக்கு முந்தைய நாளில் அது 99 டிகிரிக்குக் கீழே இறங்கும். இறங்கியதிலிருந்து பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வலி தொடங்கிவிடும். 57-ஆம் நாளிலிருந்து காலையும் மாலையும் ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். நுனியில் கொஞ்சம் வாசலின் தடவிக் கொள்ள வேண்டும். அந்தத் தெர்மாமீட்டரை நாய்க்கென்றே வைத்துவிடுங்கள்.

வலி வந்ததும்

முதலில் நாய் நிலைகொள்ளாமல் அலையும். பெட்டிக்குள் போய்ப் பேப்பரைக் கீறும், வெளியே வரும். மூச்சு வாங்கும், நடுங்கும், சோறு வைத்தால் முகர்ந்துவிட்டுப் போய்விடும். சில நாய்கள் வாந்தி எடுக்கும். பயப்பட வேண்டாம். இது 6 முதல் 12 மணி நேரம் நடக்கும். தலைப்பிரசவம் என்றால் ஒரு நாள் முழுவதும்கூட ஆகலாம்.

இந்த நேரத்தில் நாய்க்கு வேண்டியது அமைதி. நம் சால்களில் ஒரு வீட்டில் நாய் குட்டி போடுகிறது என்றால் அந்த வரிசைப் பிள்ளைகள் அத்தனை பேரும் வாசலில் நிற்பார்கள். பெரியவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். பயந்துபோன நாய்க்கு வலி நின்றுவிடும். வீட்டில் அதற்கு மிகவும் பழகிய ஒருவர் மட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். அது பெரும்பாலும் சோறு வைக்கும் வீட்டுக்கார அம்மாவாகத்தான் இருக்கும். மற்றவர்கள், நாயின் சொந்தக்காரர் என்று வெளியே பெருமை பேசும் ஆண்கள் உள்பட, விலகி நிற்பது நல்லது.

பிறகு வயிறு இறுகி முக்கத் தொடங்கும். குட்டி ஒரு மெல்லிய பைக்குள் இருந்தபடி வரும். தலை முன்னால் வரலாம். பின்னங்கால் முன்னால் வரலாம். நாய்க்கு இரண்டுமே இயல்புதான். தாய் பையைக் கிழித்து, குட்டியை நக்கி, தொப்புள்கொடியைக் கடித்துவிடும். ஒரு நிமிடத்துக்குள் அது பையைக் கிழிக்காவிட்டால் நாம் விரலால் கிழிக்க வேண்டும். குட்டியின் மூக்கையும் வாயையும் துடைத்துவிட்டு, உலர்ந்த துண்டால் நன்றாகத் தேய்க்க வேண்டும். கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாலும் குற்றமில்லை. அது தாயின் நாக்கு செய்யும் வேலை. குட்டி கத்தியதும் தாயிடம் கொடுத்துவிடுங்கள்.

மூச்சு விடாத குட்டியைக் கையில் பிடித்து வேகமாகச் சுழற்றி ஆட்டும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அதை இப்போது டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள். மூளையில் ரத்தக் கசிவு ஏற்படலாம். தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்துத் தேய்ப்பதே போதும். கால் மணி நேரம் தேய்த்த பிறகு மூச்சு விட்ட குட்டிகளும் உண்டு.

தாய் கொடியைக் கடிக்கவில்லை என்றால், குட்டியின் வயிற்றிலிருந்து ஒரு அங்குலம் விட்டு நூலால் கட்டி, கட்டுக்கு அப்பால் கத்தரித்து, அயோடின் தொட்டு வையுங்கள். கொடியைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நஞ்சுக்கொடி வெளியே வர வேண்டும். அதையும் எண்ணி நோட்டில் எழுதுங்கள். தாய் ஒன்றிரண்டைத் தின்றால் தடுக்க வேண்டாம். எல்லாவற்றையும் தின்றால் வயிற்றுப்போக்கு வரும்.

எப்போது புறப்பட வேண்டும்?

இரண்டு குட்டிகளுக்கு நடுவே அரை மணி, ஒரு மணி நேரம் ஆவது சாதாரணம். தாய் அமைதியாகப் படுத்துப் பால் கொடுத்துக் கொண்டிருந்தால் இரண்டு மணி நேரம் வரையிலும் பார்க்கலாம். அதற்கு மேல் தாமதம் கூடாது.

நாய் பலமாக முக்குகிறது, ஆனால் அரை மணி நேரமாகக் குட்டி வரவில்லை என்றால் புறப்பட்டுவிடுங்கள். கரும்பச்சை நிற நீர் கசிகிறது, ஆனால் முதல் குட்டி இன்னும் வரவில்லை என்றாலும் அப்படியே. கரும்பச்சை நீர் என்றால் உள்ளே நஞ்சு பிரியத் தொடங்கிவிட்டது. குட்டிக்குக் காற்று குறைகிறது என்று அர்த்தம். முதல் குட்டி பிறந்த பிறகு அதே நிறம் தெரிவது இயல்பு. உடல் சூடு இறங்கி 24 மணி நேரம் ஆகியும் வலி வராவிட்டாலும், தாய் தலை தூக்க முடியாமல் சோர்ந்து கிடந்தாலும் டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

குட்டி பாதி வெளியே வந்து மாட்டிக்கொண்டால் நிமிடக் கணக்கு. டாக்டர் தூரத்தில் இருந்தால் சுத்தமான உலர்ந்த துணியால் குட்டியின் உடம்பைப் பிடித்து, தாய் முக்கும்போது மட்டும், தாயின் கால் பக்கமாகக் கீழ்நோக்கி மெதுவாக இழுக்கலாம். தலையையோ ஒற்றைக் காலையோ பிடித்து இழுக்கக் கூடாது.

மாட்டுங்காவில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் நடந்த ஒரு சம்பவம். ஒர்க்ஷாப்பில் பிட்டராக இருக்கும் திருநெல்வேலி நண்பர் ஒருவர் வீட்டில் ஸ்பிட்ஸ் நாய். பெயர் சின்னி. ஆறு கிலோ எடை, தலைப்பிரசவம். நண்பருக்கு அன்று நைட் ஷிப்ட். அவர் மனைவிதான் பக்கத்தில் இருந்தார். கணக்குப் படித்தவர் இல்லை. ஆனால் பிள்ளைகளின் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதியிருந்தார். '11.20 ஒண்ணு. 12.05 ரெண்டு' என்று இருந்தது. எக்ஸ்ரேயில் மூன்று குட்டி.

ஒன்றே முக்காலுக்குச் சின்னி பலமாக முக்கத் தொடங்கியது. இரண்டே காலாகியும் குட்டி வரவில்லை. அந்த அம்மா என் கதவைத் தட்டினார். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பையனை அழைத்து வந்துவிட்டார். வலி ஊசி போட்டால் குட்டி வந்துவிடும் என்றான் அவன். "டாக்டர் சொல்லாம ஊசி வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிட்டார் அந்த அம்மா. முதல் நாளே பேசி வைத்திருந்த டாக்சிக்காரருக்குப் போன் செய்தோம். இரண்டு குட்டிகளையும் வெந்நீர் பாட்டிலோடு ஒரு கூடையில் வைத்துக் கூடவே எடுத்துப் போனோம்.

தாதர் பக்கம் ஒரு டாக்டர். நோட்டைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தார். மூன்றாவது குட்டியின் கழுத்து மடங்கி, தலை இடுப்பெலும்பில் முட்டி நின்றது. ஆபரேஷன் செய்து எடுத்தார். அந்தக் குட்டி பிழைக்கவில்லை. தாயும் மற்ற இரண்டும் பிழைத்தன. வலி ஊசி போட்டிருந்தால் கருப்பை கிழிந்திருக்கும் என்று அவர் சொன்னார்.

அந்த ஊசியின் பெயர் ஆக்சிடோசின். கருப்பையைச் சுருங்க வைக்கும் மருந்து. வழி திறந்திருந்தால் உதவும். வழி அடைத்திருக்கும்போது போட்டால், வெளியே வர முடியாத குட்டியின்மேல் கருப்பை இறுகும். எது அடைப்பு, எது சோர்வு என்று டாக்டர் கை வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இங்கே மும்பைவாசிகளுக்கு ஒரு வார்த்தை. கடைசி லோக்கலுக்கும் முதல் லோக்கலுக்கும் நடுவே உள்ள மூன்று மணி நேரத்தில்தான் பிரசவம் நடக்கும் என்று வைத்துக்கொண்டே ஏற்பாடு செய்யுங்கள். பாந்திரா, சயானுக்குத் தெற்கே ஆட்டோ போகாது. நாய் என்றால் டாக்சிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அக்கம்பக்கத்தில் தெரிந்த டாக்சிக்காரர் ஒருவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். பரேலில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இயங்கிவரும் பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் மிருக ஆஸ்பத்திரி இருக்கிறது. மும்பை கால்நடை மருத்துவக் கல்லூரியும் பரேலில்தான், 1886-இல் தொடங்கியது. தனியார் டாக்டர்களும் பல இடங்களில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு அருகே இரவில் யார் பார்ப்பார்கள், ஆபரேஷன் வசதி எங்கே உண்டு என்பதை 50-ஆம் நாளிலேயே நேரில் போய்க் கேட்டு நோட்டில் எழுதுங்கள். மழைக்காலத்தில் தண்டவாளத்தில் தண்ணீர் நின்றால் கல்யாணிலிருந்து பரேலுக்கு வர வழி இல்லை. ஆகவே புறநகரில் இருப்பவர்கள் புறநகரிலேயே ஒரு டாக்டரைப் பார்த்து வைக்க வேண்டும்.

சூடும் பாலும்

பிறந்த குட்டிக்கு உடம்பைச் சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. குளிர்ந்தால் நடுங்கக்கூட அதற்கு வராது. பால் குடிக்கும் சக்தியும் போய்விடும். முதல் வாரம் பெட்டியின் உள்ளே 85 முதல் 90 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். முன்பு 40 வாட் குண்டு பல்பைத் தொங்கவிடுவார்கள். இப்போது வீடுகளில் இருப்பது எல்.இ.டி. பல்பு. அது வெளிச்சம் தரும். அந்த அளவு சூடு தராது. பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வைத்தால் போதும். மறுபக்கம் சும்மா இருக்கட்டும். சூடு அதிகமானால் குட்டி தானே நகர்ந்துகொள்ளும்.

சீம்பாலை முதல் நாளிலேயே, முடிந்தால் முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள், ஒவ்வொரு குட்டியும் குடித்தாக வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி அதில்தான் இருக்கிறது. மெலிந்த குட்டியை எடுத்துக் காம்பில் வைத்துப் பழக்குங்கள். ஸ்பிட்ஸ் குட்டி பிறக்கும்போது நூறு, நூற்றைம்பது கிராம்தான் இருக்கும். தினமும் அதே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள். முதல் நாள் கொஞ்சம் குறையலாம். பிறகு தினமும் ஏற வேண்டும். பத்து நாளில் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும். இரண்டு நாள் தொடர்ந்து ஏறாத குட்டியை டாக்டரிடம் காட்டுங்கள்.

பால் போதவில்லை என்றால் பசும்பாலைத் தண்ணீர் கலந்து ஊற்றுகிறார்கள். நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப்போல் இரு மடங்குக்கு மேல். தண்ணீரும் கலந்தால் என்ன மிஞ்சும்? நாய்க்குட்டிகளுக்கென்றே பால்பவுடர் கிடைக்கிறது. குட்டியை மல்லாத்திப் பிடித்து ஊட்டக் கூடாது. குப்புறப் படுத்த நிலையில்தான் கொடுக்க வேண்டும். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போகும்.

தாய்க்கு இரண்டு வாரம் கழித்து வரும் ஆபத்து

குட்டிகள் நன்றாகப் பால் குடித்து வளர்ந்து கொண்டிருக்கும்போது, இரண்டாம் மூன்றாம் வாரத்தில், சிறிய நாய்களுக்கு ஒரு ஆபத்து வருவதுண்டு. பாலோடு ரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து போய்விடுகிறது. நாய் நிலைகொள்ளாமல் அலையும், மூச்சு வாங்கும், கால் விறைத்து நடக்கும். பிறகு உடம்பு நடுங்கி வலிப்பு வரும், காய்ச்சல் ஏறும். சில மணி நேரத்தில் உயிர் போகலாம். டாக்டர் நரம்பில் கால்சியம் ஏற்றினால் பெரும்பாலும் பிழைத்துவிடும். அங்கே போகும் வரையில் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வையுங்கள்.

இதைக் கேட்டதும் சினைக்காலத்திலேயே கால்சியம் டானிக் வாங்கி ஊற்றத் தோன்றும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அது எதிர்மாறான பலனைத் தரும். வெளியிலிருந்து தாராளமாகக் கால்சியம் கிடைத்தால், எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையை உடம்பு மறந்துவிடும். பால் சுரக்கும்போது திடீரென்று தேவைப்பட்டால் அதனால் ஈடுகொடுக்க முடியாது. டாக்டர் சொல்லாமல் சினைக்காலத்தில் கால்சியம் கொடுக்க வேண்டாம். முட்டை, கறி, மீன், சோறு என்று நல்ல ஆகாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்கள். வெங்காயமும் பூண்டும் சேர்த்த குழம்பை ஊற்றாதீர்கள். பால் கொடுக்கும் காலத்தில் தாய் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பிடும். அதைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

பிரசவத்துக்குப் பின் இரண்டு மூன்று வாரம் வரை பழுப்பு நிறத்தில் கசிவு இருக்கும். நாற்றம் அடித்தாலோ காய்ச்சல் இருந்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

பத்து முதல் பதினான்கு நாளில் குட்டிகள் கண் திறக்கும். இரண்டு வாரத்தில் பூச்சி மருந்து. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி. வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில். இதற்குள்ளாகவே 'எனக்கொரு குட்டி' என்று ஆள் மேல் ஆள் வருவார்கள். கண் திறந்த குட்டியைக் காடாவிளக்கு வெளிச்சத்தில் கைமாற்றியதெல்லாம் ஊர்ப் பழக்கம். எட்டு வாரம் ஆகாத நாய்க்குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. விற்காமல் சும்மா கொடுப்பவர்களும் எட்டு வாரம் தாயிடம் விட்டுக் கொடுப்பதே குட்டிக்கு நல்லது. கொடுக்கும்போது பிறந்த தேதி, பூச்சி மருந்து கொடுத்த தேதி, தடுப்பூசித் தேதி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி, வாங்குபவர் கையில் கொடுத்துவிடுங்கள்.